பவளத்தின் மூதாதை என்ன நிறத்தில் ஒளிர்ந்தது?

நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் புறாமலைக்குப் போய், முகமூடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தவர்களுக்குப் பவளம் என்றதும் மண்ணிறமும் மங்கிய பச்சையும்தான் பெரும்பாலும் நினைவுக்கு வரும். அந்த நிறத்தில் பெரும்பங்கு பவளத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்ணிய அல்காக்களுடையது. பவளத்துக்கென்று சொந்த நிறம் வேறு இருக்கிறது. 450 நனோமீற்றர் அளவான நீல ஒளியை அடித்து, கண்ணுக்கு முன்னால் ஒரு மஞ்சள் வடிகட்டியைப் பிடித்தால் பல பவள இனங்கள் பளிச்சென்ற பச்சையாகவும் சில நெருப்புத் தணல்போலச் சிவப்பாகவும் ஒளிரும். நீலத்தை உறிஞ்சிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி விடும் புரதங்களின் வேலை அது.

அந்தச் சிவப்பு தொடக்கத்திலிருந்தே இருந்ததா, இடையில் வந்து சேர்ந்ததா? புதைபடிவத்தைக் கேட்டுப் பயனில்லை. பவளம் விட்டுப்போவது சுண்ணாம்புக் கூட்டை; ஒளிரும் புரதம் கல்லில் பதிவதில்லை. ஆனாலும் 2004 இல் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. அற்லாந்திக்கில் வாழும் ஒரு பெரிய நட்சத்திரப் பவளத்தையும் அதன் உறவினங்களையும் எடுத்துக்கொண்டு, ஒளிரும் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகளை ஒப்பிட்டு, அவற்றின் பொது மூதாதையிடம் இருந்திருக்கக்கூடிய பரம்பரையலகை எழுத்தெழுத்தாகக் கணித்தார்கள். அந்த எழுத்து வரிசையை வேதியியல் முறையில் டிஎன்ஏயாகச் செய்தார்கள். பிறகு அதைக் குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவுக்குள் புகுத்தி, நீல ஒளியில் வைத்துப் பார்த்தார்கள். எந்தக் கடலிலும் இப்போது இல்லாத ஒரு புரதம் பெத்திரிக் கிண்ணத்தில் ஒளிர்ந்தது. பச்சையாக.

கூர்ப்பு (பரிணாமம்) என்பது நடந்து முடிந்த கதை, அதைப் பரிசோதிக்க முடியாது என்று உயர்தர உயிரியல் வகுப்பிலேயே சில பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். கலத்துக்குள் டிஎன்ஏயைப் புகுத்தும் முறை கைக்கு வந்த நாளிலிருந்து அந்த நினைப்புக்கு இடமில்லை. ஒரு பரம்பரையலகை இன்னோர் உயிரின் கலத்துக்குள் விடுவது அந்தக் கலத்திடம் “இதை வாசிப்பாயா?” என்று கேட்பதுதான். வாசித்தால் அது உறவுக்குச் சாட்சி. வாசிக்க மறுத்தால், ஏன் மறுத்தது என்பது அதைவிடப் பெரிய சாட்சி.

பற்றீரியாவின் கதவைத் திறப்பது

1928 இல் பிரெட்ரிக் கிரிபித், நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியாவைச் சூடாக்கிக் கொன்று, நோயுண்டாக்காத உயிருள்ள பற்றீரியாவோடு கலந்து எலிகளுக்கு ஏற்றினார். எலிகள் செத்தன. செத்த பற்றீரியாவிடமிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளதற்குள் போயிருந்தது. அது டிஎன்ஏதான் என்று 1944 இல் ஏவரி, மக்லியொட், மக்கார்ற்றி மூவரும் காட்டினார்கள். ஆனால் ஆய்வுகூடங்களில் எல்லோரும் வளர்க்கும் ஈ.கோலை சாதாரண வளர்ப்பில் அப்படித் தானாக டிஎன்ஏயை உள்ளே எடுப்பதில்லை. 1970 இல் ஹவாயில் மண்டெல், ஹிகா என்ற இருவர் குளிர்ந்த கல்சியங் குளோரைட்டுக் கரைசலில் அதை வைத்துச் சற்றுச் சூடு காட்டினால் வைரசின் டிஎன்ஏ உள்ளே போவதைக் கண்டார்கள். 1972 இல் ஸ்ரான்லி கோஹெனின் குழு அதே வழியில் பிளாஸ்மிட்டைப் புகுத்தியது. இன்று பள்ளிக்கூட ஆய்வுகூடம் வரை வந்திருப்பது இந்த முறைதான்.

பிளாஸ்மிட்டு ஒரு சிறு வளைய டிஎன்ஏ. அது கலத்துக்குள் தானே பிரதியாவதற்கு ஒரு தொடக்க இடம், உள்ளே போன கலத்தை அடையாளம் காண, பற்றீரியாவைக் கொல்லும் மருந்தான அம்பிசிலினை எதிர்க்கும் பரம்பரையலகு, நாம் சோதிக்க விரும்பும் பரம்பரையலகும் அதை இயக்கும் ஆளியும், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். வளையமாக இருப்பது முக்கியம். இரு முனையும் திறந்த நேர் டிஎன்ஏயை ஈ.கோலை தன் நொதியங்களால் முனையிலிருந்து கடித்துத் தின்றுவிடும்.

கலங்களைத் தயார்செய்வதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். டிஎச் 5 அல்பா போன்ற பாதுகாப்பான ஆய்வுகூட வகையை இரவு முழுவதும் வளர்த்து, மறுநாள் காலையில் அதில் அரை மில்லிலீற்றரை 50 மில்லிலீற்றர் புது ஊடகத்தில் விட வேண்டும். ஊடகம் ஒரு லீற்றருக்கு 10 கிராம் திரிப்ரோன், 5 கிராம் மதுவச் சாறு, 10 கிராம் உப்பு. 37 பாகையில் குலுக்கிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் 600 நனோமீற்றரில் ஒளி அடர்த்தி 0.3 இலிருந்து 0.4 வரை வரும். நிறமானி இல்லாத இடத்தில் கண்ணளவு இதுதான்: குழாய்க்குப் பின்னால் பிடித்த அச்செழுத்து லேசான கலங்கலுக்கூடாக இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். எழுத்து மறைந்துவிட்டால் நேரம் பிந்திவிட்டது. வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் கலம்தான் கல்சியத்துக்கு இணங்கும். வளர்ந்து ஓய்ந்த கலத்திலிருந்து, தட்டில் ஒரு கலம் பெருகி உண்டாகும் பொட்டான கொலனி பத்திலொரு பங்குகூடக் கிடைக்காது.

அதன்பிறகு எல்லாமே குளிரில். 10 நிமிடம் ஐஸில் வைத்து, குளிரூட்டிய மையநீக்கியில் படியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, படிவை 10 மில்லிலீற்றர் குளிர்ந்த 0.1 மோலர் கல்சியங் குளோரைட்டில் மெல்ல அசைத்துக் கரைக்க வேண்டும். இந்தக் கரைசலுக்கு, இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகையென்றால் 100 மில்லிலீற்றருக்கு 1.47 கிராம் போதும். அரை மணித்தியாலம் ஐஸில் விட்டு, திரும்பப் படியவைத்து, 15 வீதம் கிளிசரோல் சேர்ந்த அதே கரைசல் 2 மில்லிலீற்றரில் எடுத்து, நூறு நூறு மைக்ரோலீற்றராகப் பிரித்தால் கலங்கள் தயார். கழித்து 80 பாகையில் மாதக்கணக்காக வைக்கலாம். வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் ஐஸ் தட்டில் வைத்தால் சில நாளில் பயனற்றுப்போகும். அந்த வசதி இல்லாதவர்கள் செய்த அன்றைக்கே பாவித்துவிடுவது நல்லது.

திருமலையில் கச்சான் வீசும் மாதங்களில் நண்பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடும். செய்முறைத் தாளில் “அறை வெப்பநிலை” என்று எழுதியிருப்பது 22, 25 பாகையை மனதில் வைத்து எழுதியது. மேசையில் இரண்டு நிமிடம் மறந்து வைத்த குழாய் இங்கே செத்த குழாய்தான். ஐஸ் தாராளமாக வேண்டும். மீன்வாடிகளுக்கு வரும் கட்டி ஐஸை வாங்கி உடைத்துப் பாவிக்கலாம். ஆனால் குளிர்களஞ்சியத்திலிருந்து வந்த உடனே அந்தக் கட்டி பூச்சியத்துக்குக் கீழே பல பாகையில் இருக்கும். அதற்குள் குழாயைச் செருகினால் கலம் உறைந்து வெடித்துவிடும். உடைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சொட்டச் சொட்ட இளகிய பிறகு பாவிக்க வேண்டும். தண்ணீர் சேர்ந்த ஐஸ் குழாயைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். வெறும் துண்டுகளுக்கு இடையில் காற்றுத்தான் நிற்கும். மீனுக்குப் போட்டதுபோல உப்பு மட்டும் தூவக்கூடாது, அதுவும் பூச்சியத்துக்குக் கீழே இறக்கும். குழாயின் மூடி தண்ணீருக்கு மேலே நிற்கட்டும், திறக்குமுன் மதுசாரத்தால் துடைக்க வேண்டும்.

புகுத்தும் வேலை சிறியது. 100 மைக்ரோலீற்றர் கலத்தோடு 1 முதல் 5 மைக்ரோலீற்றர் வரை பிளாஸ்மிட்டுக் கரைசல், அதில் சில நனோகிராம் டிஎன்ஏ. 30 நிமிடம் ஐஸில். பிறகு 42 பாகை நீர்த்தொட்டியில் 45 செக்கன், உடனே திரும்ப ஐஸில் 2 நிமிடம். டிஎன்ஏயின் பொஸ்பேற்று முதுகெலும்பும் பற்றீரியாவின் வெளிச்சவ்வும் இரண்டுமே எதிரேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். இடையில் நிற்கும் கல்சியம் அந்தத் தள்ளலை அடக்குகிறது. குளிரிலிருந்து சூட்டுக்குப் பாயும் அந்தக் கணத்தில் சவ்வு குலைந்து டிஎன்ஏ உள்ளே நழுவுகிறது. 45 செக்கன் என்பது மெல்லிய சுவர்கொண்ட 1.5 மில்லிலீற்றர் குழாய்க்கு உரிய கணக்கு. தடித்த கண்ணாடிக் குழாய் என்றால் உள்ளே சூடு போய்ச் சேரவே அவ்வளவு நேரம் எடுக்கும். வெப்பமானியைத் தொட்டியின் மூலையில் போட்டுவிட்டுக் குழாயை நடுவில் வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. குழாய் நிற்கும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

இதன் பிறகு 900 மைக்ரோலீற்றர் ஊடகம் விட்டு, அம்பிசிலின் இல்லாமல் 37 பாகையில் ஒரு மணித்தியாலம் வைக்க வேண்டும். அவசரப்படுபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். உள்ளே போன எதிர்ப்புப் பரம்பரையலகு புரதமாக மாற நேரம் வேண்டும். கேடயம் செய்துமுடிக்குமுன் களத்தில் இறக்கினால் வெற்றிபெற்ற கலமும் செத்துப்போகும்.

தட்டு ஊற்றும்போது, ஊடகத்தைக் கட்டியாக்கும் அகார் 50 முதல் 55 பாகைக்கு ஆறிய பிறகே அம்பிசிலின் சேர்க்க வேண்டும், மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம். கையில் பிடிக்க முடியாத சூட்டில் சேர்த்தால் மருந்து சிதைந்து, எல்லாமே முளைக்கும். ஊற்றிய தட்டை இங்கத்தைய வெயிலில் மேசையில் வாரக்கணக்காக வைத்தாலும் அதே கதி. நல்ல தட்டிலும் 20 மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவைத்தால் பெரிய கொலனியைச் சுற்றிப் பொட்டுப்பொட்டாகக் குட்டிக் கொலனிகள் தோன்றும். பெரியது வெளிவிடும் நொதியம் சுற்றியுள்ள மருந்தைத் தின்ன, பிளாஸ்மிட்டே இல்லாத அயலவர்கள் அந்த நிழலில் முளைத்தவை அவை. அவற்றை எண்ணக்கூடாது.

எண்ணிக்கை இப்படி: 1 நனோகிராம் பிளாஸ்மிட்டு விட்டு, மொத்தம் ஒரு மில்லிலீற்றரில் நூறு மைக்ரோலீற்றரைத் தட்டில் பரப்பினால், தட்டுக்குப் போனது 0.1 நனோகிராம். 200 கொலனி வந்தால் ஒரு மைக்ரோகிராமுக்கு 20 இலட்சம். வீட்டுத் தயாரிப்புக் கலத்துக்கு இது நல்ல பேறு. கூடவே இரண்டு சோதனைத் தட்டுகள் கட்டாயம்: டிஎன்ஏ விடாத கலம் அம்பிசிலின் தட்டில் ஒன்றும் முளைக்கக்கூடாது, அம்பிசிலின் இல்லாத தட்டில் புல்வெளிபோல முளைக்க வேண்டும். முதலாவதில் முளைத்தால் மருந்து செத்தது. இரண்டாவதில் முளைக்காவிட்டால் கலம் செத்தது. இந்த இரண்டும் இல்லாமல் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு யாரும் எதையும் சொல்ல முடியாது.

மின்துடிப்பால் புகுத்துவது இன்னொரு வழி. 1 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள கிண்ணிக்குள் 1.8 கிலோவோற்று, 5 மில்லிசெக்கன். பலன் பல மடங்கு கூட. ஆனால் கரைசலில் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருந்தாலும் மின்பொறி பறந்து கலம் வெந்துவிடும். மதுவத்துக்கு இலிதியம் அசற்றேற்று, தாவரத்துக்கு அக்ரோபற்றீரியம் என்ற மண் பற்றீரியா. கதவு வேறு வேறு, கேள்வி ஒன்றே.

ஒளிர்ந்தால் என்ன அர்த்தம்

பயிற்சிக்கு அதிகம் பாவிக்கும் பிளாஸ்மிட்டில் ஏக்குவோரியா விக்ரோரியா என்ற சொறிமுட்டையின் பச்சை ஒளிர் புரதத்துக்குரிய பரம்பரையலகு இருக்கிறது. அரபினோசு என்ற வெல்லம் தட்டில் இருந்தால்தான் ஆளி திறக்கும். தட்டில் குளுக்கோசைக் கலந்துவிட்டால் ஆளி மூடிக்கொள்ளும், கொலனி வெள்ளையாகவே நிற்கும். இதில் ஒரு விடயம் நமக்கு வாய்ப்பாக அமைகிறது. சொறிமுட்டையின் அசல் புரதம் 37 பாகையில் சரியாக மடிவதில்லை; 28, 30 பாகையில் நன்றாக மடிந்து ஒளிரும். தட்டை வளர்கருவிக்குள் வைக்காமல் திருமலையின் இரவு வெப்பத்தில் மூடி வைத்தால் சற்று நேரம் கூட எடுக்கும், ஆனால் ஒளி தெளிவாக இருக்கும்.

238 அமினோவமிலங்கள் கொண்ட சிறு புரதம் அது. 1962 இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்தபோது சொறிமுட்டையின் வேறு நொதியங்கள் உதவினால்தான் ஒளிரும் என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. 1994 இல் மார்ற்றின் ஷல்பி அந்தப் பரம்பரையலகை மட்டும் ஈ.கோலைக்குள் விட்டபோது அது ஒளிர்ந்தது. 65, 66, 67 ஆம் அமினோவமிலங்கள் மூன்றும் தாமாகவே வளைந்து, ஒட்சிசன் மட்டும் துணையாக, ஒளிரும் வளையத்தைக் கட்டிக்கொள்கின்றன. பவளப் புரதங்களும் இதே குடும்பம்தான். அதனால்தான் அவற்றின் மூதாதையை ஒரு பற்றீரியாவுக்குள் எழுப்ப முடிந்தது.

கொலனி பச்சையாக ஒளிர்வதைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது அழகை மட்டுமல்ல. குடல் பற்றீரியாவும் கடல் சொறிமுட்டையும் பிரிந்த காலத்தை நினைத்துப் பார்க்கவே தலை சுற்றும். அவ்வளவு காலத்துக்குப் பிறகும் சொறிமுட்டையின் மூன்றெழுத்துச் சொல் ஒவ்வொன்றையும் பற்றீரியா அதே அமினோவமிலமாகவே வாசிக்கிறது. மொத்தம் 64 சொற்கள்; அவற்றில் 61 சொற்கள் அமினோவமிலங்களைச் சுட்டுகின்றன, 3 முற்றுப்புள்ளி. இந்த அகராதி வேறுவிதமாக இருந்திருக்க எண்ணற்ற வழிகள் இருந்தன. ஒரே அகராதி எல்லா வீட்டிலும் இருப்பது ஒரே பாட்டியிடமிருந்து வந்ததால்தான்.

அகராதிக்கு மேலேயும் உறவு போகிறது. 1987 இல் பவுல் நேர்ஸும் மெலனி லீயும் கலப்பிரிவைத் தொடக்கும் பரம்பரையலகு பழுதடைந்த மதுவத்துக்குள் மனிதனின் டிஎன்ஏயை விட்டு, எது அதைப் பிழைக்கவைக்கிறது என்று தேடினார்கள். மனிதனின் அதே பரம்பரையலகு மதுவத்தைப் பிழைக்கவைத்தது. 2015 இல் எட்வர்ட் மார்க்கொற்றேயின் குழு இதைப் பெருமளவில் செய்தது: எவை இல்லாமல் மதுவம் வாழவே முடியாதோ அப்படிப்பட்ட 414 பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மனிதனுடையதை வைத்தார்கள். 47 வீதமானவை வேலை செய்தன. நூறு கோடி ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு! இதில் சிந்திக்க வேண்டியது, எழுத்து எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது முடிவைப் பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. ஒரே தொழிற்பாட்டில் சேர்ந்து இயங்கும் பரம்பரையலகுகள் ஒன்றாகத் தேறின, அல்லது ஒன்றாகத் தோற்றன. கூர்ப்பு தனித்தனிச் சொல்லைவிடக் கூட்டாளிகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறது.

1995 இல் பேசலில் வால்ற்றர் கேரிங்கின் ஆய்வுகூடத்தில் எலியின் கண்ணுக்குரிய பரம்பரையலகைப் பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் இயங்கவைத்தார்கள். அந்த இடங்களில் கண் முளைத்தது, எலிக் கண் அல்ல, ஈயின் கூட்டுக்கண். எலி கொடுத்தது “இங்கே கண் செய்” என்ற கட்டளையை மட்டும். கண்ணை எப்படிச் செய்வது என்பது ஈயின் அறிவு.

வாசிக்க மறுக்கும்போது

வாயில் வெண்படலம் படரச் செய்யும் கன்டிடா என்ற பங்கசு இருக்கிறதே, அதற்குள் சாதாரண ஒளிர் பரம்பரையலகை விட்டால் சரிவராது. ஏறத்தாழ எல்லா உயிரும் லியூசின் என்று வாசிக்கும் சியுஜி என்ற சொல்லை அது செரின் என்று வாசிக்கிறது. அந்தச் சொல்லை மாற்றி எழுதிக் கொடுத்த பிறகே ஒளிர்ந்தது. மைக்கோபிளாஸ்மாவின் பரம்பரையலகை ஈ.கோலைக்குள் விட்டால் பாதிப் புரதத்தோடு நின்றுவிடும். மைக்கோபிளாஸ்மா திரிப்ரோபன் என்று வாசிக்கும் யுஜிஏ ஈ.கோலைக்கு முற்றுப்புள்ளி. நமது சொந்த இழைமணிகளும் யுஜிஏயைத் திரிப்ரோபன் என்றே வாசிக்கின்றன. அகராதியில் இப்படி ஒரு சொல் திருத்தப்பட்ட வீடுகள் எவை என்று குறித்துக்கொண்டு போனால், அவை பெரும்பாலும் கிளைகிளையாகவே அமைகின்றன. திருத்தம் நடந்த இடத்துக்குப் பிறகு பிறந்தவர்களிடம் அது இருக்கிறது. விதிவிலக்கும் வம்சவழிதான் வருகிறது.

எனக்கு இதில் மிகப் பிடித்த ஆய்வு, வீணென்று ஒதுக்கியதிலிருந்து பிறந்தது. ஒரு காலத்தில் பற்றீரியாக்களின் முழு டிஎன்ஏயையும் வாசிக்க அதைத் துண்டாக்கி, துண்டுகளை ஈ.கோலைக்குள் புகுத்திப் பெருக்கி வாசிப்பார்கள். எப்போதும் சில இடைவெளிகள் மிஞ்சும். சில துண்டுகள் எத்தனை தரம் முயன்றாலும் ஈ.கோலையில் கிடைக்காது. தலையிடி என்று வேறு வழியில் நிரப்பிவிடுவார்கள். 2007 இல் ரொட்டெம் சொரெக்கும் கூட்டாளிகளும் அந்த இடைவெளிகளையே தரவாக எடுத்தார்கள். 79 நுண்ணுயிர்களின் 246,045 பரம்பரையலகுகள் ஈ.கோலைக்குள் போக முயன்ற கணக்கு அது, உலகெங்கும் யாரும் திட்டமிடாமலே நடத்தி முடித்த ஒரு பெரும் பரிசோதனை. எது போகவில்லை? கலத்தில் புரதம் கட்டும் பொறியான இறைபோசோமின் புரதங்கள் போன்றவை. உள்ளூர் புரதமும் வந்த புரதமும் சேர்ந்து அளவு கூடினால் கலம் நஞ்சுண்டதுபோலச் சாகிறது. இயற்கையிலும் இனம்விட்டு இனம் தாவ மிகவும் தயங்குபவை இந்தப் பரம்பரையலகுகள்தான். உயிர்களின் வம்சமரத்தை வரைய ஆய்வாளர்கள் இறைபோசோமை நம்புவதற்கான காரணம் அந்த இடைவெளிகளில் பதிந்திருந்தது.

கடலும் வற்றாளங்கிழங்கும்

டிஎன்ஏயைப் புகுத்துவது மனிதன் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிவிடக்கூடாது. இறால் கோதும் நண்டின் ஓடும் கைற்றினால் ஆனவை. கொலரா பற்றீரியா கடலில் அந்தக் கைற்றினில் ஒட்டி வாழும்போது வெளி டிஎன்ஏயை உள்ளிழுக்கும் ஆற்றலைப் பெறுகிறது என்று 2005 இல் கண்டார்கள். 2015 இல் தெரியவந்தது இன்னும் கூர்மையானது: அதே நேரத்தில் அது ஈட்டிபோன்ற ஒரு பொறியால் அயல் பற்றீரியாவைக் குத்திக் கொன்று, சிந்தும் டிஎன்ஏயை எடுத்துக்கொள்கிறது. அது மயிரிழைபோன்ற ஒரு நாரை வெளியே நீட்டி டிஎன்ஏயைப் பிடித்து இழுப்பதை 2018 இல் நுணுக்குக்காட்டியில் படமாகவே எடுத்தார்கள்.

இதனால் கழிவு விடயத்தில் ஒரு சொல். வகுப்பில் வளர்த்த தட்டுகளை அமுக்கச் சூடாக்கியில் 121 பாகையில் 20 நிமிடம் வைக்க வேண்டும், அல்லது பத்துவீத வெளிற்றும் கரைசலில் அரை மணித்தியாலம் ஊறவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடாது, நச்சுவாயு கிளம்பும். கொதிநீரை ஊற்றி “செத்துவிட்டது” என்று வாய்க்காலில் விடுவது போதாது. கிரிபித்தின் எலிகள் சொன்ன பாடமே, செத்த பற்றீரியாவின் டிஎன்ஏ சாகவில்லை என்பதுதான். அம்பிசிலின் எதிர்ப்பைக் காவும் வளையங்களை, டிஎன்ஏ பொறுக்கும் பற்றீரியாக்கள் வாழும் ஒரு கடலுக்கு நாமே அனுப்பக்கூடாது.

தாவரத்திலும் இது நடந்திருக்கிறது. நாம் அவித்துத் தேங்காய்ப்பூவோடு தின்னும் வற்றாளங்கிழங்கின் கலங்களுக்குள் அக்ரோபற்றீரியத்தின் டிஎன்ஏ இருக்கிறது. 2015 இல் 291 பயிர்வகைகளைச் சோதித்தார்கள். அத்தனையிலும் இருந்தது, நெருங்கிய காட்டு உறவுகளில் இல்லை. தாவரத்துக்குள் டிஎன்ஏ புகுத்த ஆய்வுகூடத்தில் பாவிப்பதும் அதே வகைப் பற்றீரியாவைத்தான்.

திரும்பவும் பவளம்

புகுத்திப் பார்ப்பதால் கூர்ப்பின் வரிசையையே சோதிக்கலாம் என்பதற்கு ரிச்சர்ட் லென்ஸ்கியின் குடுவைகள் நல்ல எடுத்துக்காட்டு. 1988 முதல் 12 குடுவைகளில் ஈ.கோலை வளர்கிறது. ஊடகத்தில் தேசிக்காய்ப் புளிப்புக்குரிய சிற்றிக்கமிலத்தின் உப்பு இருக்கிறது. ஒட்சிசன் உள்ளபோது ஈ.கோலை அதை உண்ணாது. ஒரு குடுவையில் மட்டும், 31,500 தலைமுறையளவில், உண்ணத் தொடங்கியது. பழைய பரம்பரையலகு ஒன்று இரட்டித்து, ஒட்சிசனில் திறக்கும் ஆளிக்குப் பக்கத்தில் போய் விழுந்திருந்தது. அந்தத் துண்டை மட்டும் பிளாஸ்மிட்டில் வைத்து ஆதி மூதாதைக்குள் புகுத்தினார்கள். உண்ண முடிந்தது, ஆனால் தள்ளாடித்தான். அதே குடுவையின் பிற்காலத் தலைமுறைகளுக்குள் புகுத்தியபோது நன்றாக வளர்ந்தது. இடையில் சேர்ந்த வேறு மாற்றங்கள் நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தன.

பவளத்தின் கதையும் அப்படித்தான் விரிந்தது. மிக்கைல் மற்ஸின் குழு 2004 இல் எழுப்பிய மூதாதைகள் ஒன்றல்ல, பல. மரத்தின் அடிக்கிளையில் உள்ளது பச்சை. அதற்கு மேலே அலைநீளம் சற்றுக் கூடிய பச்சை. சிவப்பு பிறக்குமுன் நின்ற கிளையில் பச்சையும் சிவப்பும் அரைகுறையாகக் கலந்த ஒரு புரதம். அதற்குப் பிறகே முழுச் சிவப்பு. ஒவ்வொரு மூதாதையையும் காவும் பற்றீரியாவைக் கொண்டே ஒரு பெத்திரிக் கிண்ணத்தில் வம்சமரத்தைக் கோடாக இழுத்து வளர்த்தார்கள். நீல ஒளியில் அடிமரம் பச்சையாகவும், மேலே ஒரு கிளை மெல்ல மெல்லச் சிவந்துகொண்டும் போவதை அதில் கண்ணாலேயே காணலாம்.

அடுத்த கேள்வி, பச்சை சிவப்பாக எத்தனை மாற்றம் வேண்டும் என்பது. மூதாதைப் பச்சையும் சிவப்பும் வேறுபடும் இடங்களைக் கலந்து கலந்து எழுதிய பெருந்தொகைப் பிரதிகளை ஈ.கோலைக்குள் விட்டு, கொலனிகளின் நிறத்தைப் பார்த்துத் தேடினார்கள். 2010 இல் வந்த விடை: ஏறத்தாழ 12. அவற்றில் சில ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை. இன்னொன்று கூட நின்றால்தான் பலன் தருபவை. அந்தப் பன்னிரண்டில் 5 மாற்றங்கள் இன்றைய சிவப்புப் புரதத்திலும் இன்றைய பச்சைப் புரதத்திலும் ஒரேமாதிரி இருக்கின்றன. உயிரோடுள்ள இரண்டையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு காலம் ஒப்பிட்டாலும் அந்த ஐந்தும் அகப்பட்டிருக்காது. மூதாதையின் டிஎன்ஏயைத் திரும்ப எழுதி ஒரு கலத்துக்குள் விட்ட பிறகே அவை கண்ணுக்குப் பட்டன.